காற்றிலுள்ள உரமும் வெங்காயக் கொல்லையும்

பெரம்பலூர் ஜில்லாவைச் சேர்ந்த செட்டிகுளம், சின்ன வெங்காயத்திற்குப் பெயர் பெற்ற ஊர். அப்பக்கத்து விவசாயிகள் யூரியா மூட்டைகளுக்காகச் செலவிடும் பொருள் சிறிதன்று. ஆயினும், ஒவ்வோர் ஏக்கர் நிலத்தின் மீதும் நிற்கும் காற்றில் ஏறத்தாழ 30,000 டன் நைட்ரஜன் உள்ளது. அதனைப் பயிர் நேரே உட்கொள்ள இயலாது. காரணம் யாதெனில், அவ்வாயுவின் அணுக்கள் இரண்டிரண்டாய் மிக உறுதியாகப் பிணைந்திருக்கின்றன. அப்பிணைப்பை அவிழ்க்க உர ஆலைகளுக்குப் பெருவெப்பமும் பேரழுத்தமும் வேண்டும்.

அவ்வேலையையே பயறு வகைகளின் வேர்முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் என்னும் நுண்கிருமி, மண்ணின் இயல்பான சூட்டில் செய்கின்றது. வேர்முடிச்சுகளின் இப்பயனை ஹெல்ரீகல், வில்பார்த் என்னும் ஜெர்மானிய அறிஞர்கள் 1886-ஆம் ஆண்டில் நிரூபித்தனர். செடி தான் ஆக்கிய சர்க்கரையைக் கிருமிக்கு அளிக்க, கிருமி தழைச்சத்தைச் செடிக்கு அளிக்கின்றது. முடிச்சைக் கிள்ளிப் பார்க்கையில் உள்ளே இளஞ்சிவப்பாயிருப்பின், வேலை செவ்வனே நடைபெறுகின்றதென்று அறியலாம்.

இதில் நம்மவர் செய்யும் பிழைகள் இரண்டு. முதலாவது, உளுந்துக்கும் கடலைக்கும் யூரியாவைத் தாராளமாக இடுதல். சத்து மண்ணிலேயே மலிந்திருப்பின் செடி கிருமியைப் போஷிப்பதில்லை, முடிச்சுகளும் குறைந்துபோம். இரண்டாவது, செடியை வேரோடு பிடுங்கிக் கொண்டுசென்ற பின்னும் நிலம் வளம்பெற்றதென எண்ணுதல். சத்தின் பெரும்பகுதி மணியிலும் தழையிலுமே தங்கும். கொடியை மாடு தின்றால், அதன் சாணமாவது அக்கொல்லைக்கே திரும்ப வேண்டும்.

ஆதலின், வெங்காயம் நடுவதற்கு முன் சணப்பு அல்லது தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணமாகிய 45 நாளளவில் மடக்கி உழுதலே நன்றென்பது நமது அபிப்பிராயம். அத்தனை நாள் கொல்லை வருமானமின்றிக் கிடக்குமே என்பாரும் உளர். அவர் கூற்றில் நியாயமுண்டு. அத்தகையோர் முதலாண்டில் கால் ஏக்கரில் மட்டும் செய்து பார்க்கலாம். மண் பரிசோதனைக்குப் பின் யூரியாவை எவ்வளவு குறைக்கலாமென்பது விளங்கும். வெங்காயத்திற்குத் தழைச்சத்து மிகுந்தால் கழுத்துப் பருத்துப் பட்டறையில் அழுகுமென்பது அனுபவஸ்தர் அறிந்ததே. ஆகவே, குறைத்திடுவதால் உரச்செலவு மட்டுமன்றிச் சேமித்த சரக்கும் மிஞ்சும்.

கிராம அதிகாரிகள் இதனைக் கிராம சபையில் எடுத்துரைத்து, பசுந்தாள் விதை வேண்டுவோர் விவரத்தைப் பருவத்திற்கு முன்னரே விவசாய இலாகாவுக்குத் தெரிவிப்பார்களாக. பருவம் தப்பி வரும் விதையால் யாருக்கும் பயனில்லை.