மறக்கருணையும் பெற்றோர் பிரம்பும்

பிள்ளைகளை அடித்து வளர்த்தலே முறையென்று கருதுவார் சைவ நன்மக்களுள் இன்னும் பலர் உளர். அவருட் கல்லாதார் பழமொழி ஒன்றிரண்டைத் துணைக்கொள்வர். அடியாத மாடு படியாது என்னும் அளவில் அவர் வழக்கு முடிந்துவிடும். கற்றாரோ அவ்வளவில் அமைவதில்லை. சித்தாந்த சாத்திரமே தமக்குச் சான்று பகர்கின்றது என்பர். சிவஞானசித்தியார் சுபக்கத்து இரண்டாஞ் சூத்திரத்தில், சொல்வழி நில்லாத மக்களைத் தாய்தந்தையர் அதட்டுவதும் கோலால் அடிப்பதும் கட்டிவைப்பதும் ஆராயின் அன்பேயாம் என்றும், இறைவனது சினமும் அத்தன்மையதே என்றும் வரும் உவமையை எடுத்துக்காட்டி, "ஆசிரியரே அடியை அன்பென்று கூறியபின் அதனை மறுப்பார் யார்?" என்று வினவுவர். மாட்டுக்குரிய பழமொழியைப் பிள்ளைக்குக் கூறுவாரை நகைத்து விட்டுவிடலாம். சாத்திரத்தைத் தம் கைப்பிரம்புக்கு உறையாக்குவாரை அங்ஙனம் விடுதல் தகாது. என்னை? அவரால் சிறுவர் உடம்பும் சாத்திரத்தின் பெருமையும் ஒருங்கே ஊறுபடுகின்றன ஆகலின்.

அருணந்தி சிவாசாரியர் ஆண்டு எடுத்துக்கொண்ட பொருள் யாது? பிள்ளை வளர்ப்பு அன்று. இறைவன் அருளே வடிவினன் என்றால், அவன் உயிர்களைத் துன்பம் நுகர்விப்பது எங்ஙனம் பொருந்தும் என்னும் தடைக்கு விடை கூறுதலே ஆண்டைக் கருத்து. வினைப்பயனை ஊட்டுங்கால் இறைவன் இயற்றும் தண்டமும் கருணையே. அது மறக்கருணை எனப்படும் என்பது சித்தாந்தத் துணிபு. காணப்படாத அம்மறக்கருணையை விளக்குதற்கு, யாவரும் கண்டறிந்த உலகவழக்கு ஒன்றை ஆசிரியர் உவமையாக எடுத்தாண்டார். உவமை விளக்குதற்கு வருவதே அன்றி விதித்தற்கு வருவது அன்று. இவ்வேறுபாடு அறியாதார் நூலை ஓதியும் ஓதாதாரே ஆவர்.

அந்நூலே இதற்குச் சான்று. மருத்துவன் சில நோய்களை அறுத்தும் கீறியும் தீர்க்கின்றான், சிலவற்றை மருந்து கொடுத்துத் தீர்க்கின்றான். அதுபோல இறைவனும் இன்ப துன்பங்களை ஊட்டி வினையைத் தீர்க்கின்றான் என்பதும் சித்தியாரில் வரும் உவமையே. அதனை ஓதிய தந்தை யாரேனும் கத்தியை எடுத்துத் தன் மகன் வயிற்றைக் கீறத் துணிந்தது உண்டோ? ஆடையின் அழுக்கைச் சாணமும் உவர்மண்ணும் இட்டுப் போக்குதலும் அந்நூல் கூறும் உவமையே. அதுபற்றித் தன் பட்டாடையிற் சாணம் பூசுவார் உண்டோ? இல்லை. அவ்விடங்களில் உவமையை உவமையென்றே கொள்ளும் அறிவு, பிரம்பு வந்த இடத்து மாத்திரம் மறைந்துவிடுவது ஏன்? அறுவையும் சலவையும் சினந்தீர்க்க உதவா, பிரம்பு உதவும். வேறு காரணம் இன்று.

அற்றேல், பெற்றோர் அடித்தலை ஆசிரியர் விலக்கவும் இல்லையே எனின், உண்மைதான், விலக்கிற்றிலர். அவர் வாழ்ந்த 13ஆம் நூற்றாண்டில் அஃது எங்கும் உள்ளதொரு வழக்கம். அண்மைக்காலம் வரையில் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சிறுவரைக் கோதண்டம் இட்டுத் தொங்கவிட்டதும், காலிற் கட்டை பூட்டியதும் வழக்கமாகவே இருந்தன. உள்ள வழக்கத்தை உவமையாக எடுத்தாளுதல் வேறு. அதனை அறமென்று நிலைநிறுத்துதல் வேறு. ஆசிரியர் அவ்வுவமையில் இறைவனுக்குப் பொருத்திக் காட்டியது கோல் அன்று, பரிவே. பரிவை விடுத்துக் கோலை மாத்திரம் எடுத்துக்கொள்வார், கனியை எறிந்து முள்ளைப் பொறுக்குவாரோடு ஒப்பர்.

இனி, உவமையை விதியென்றே கொண்டாலும் அவர் கருத்து நிரம்பாது. இறைவன் தண்டம் கருணையாதற்கு மூன்று காரணங்கள் உள. அவன் முற்றுணர்வினன் ஆகலின், உயிரின் வினையளவு அறிந்து அதற்குத் தக்க அளவே ஊட்டுகின்றான். இயல்பாகவே பாசங்களின் நீங்கியவன் ஆகலின், வெகுளி அவனைத் தீண்டாது. அவன் செயல் மலநீக்கமாகிய பயனிற் சென்று முடிவது, பிழைபடுதல் இல்லை. இம்மூன்றனுள் ஒன்றேனும் உடைய தந்தை யாவன்? அலுவலிடத்துப் பெற்ற அவமானத்தை மாலையில் மகன் முதுகில் தீர்ப்பவன் வினையளவு அறிந்தவனோ? கணக்குப் பிழைத்த சிறுமியின் கையிற் பிரம்பு ஓச்சும் ஆசிரியன் வெகுளி நீங்கியவனோ? ஆணவமலம் உடைய உயிர் ஒன்று அம்மலமுடைய மற்றோர் உயிரை அடித்துவிட்டு அதற்கு மறக்கருணை எனப் பெயரிடுதல், இறைவனுக்குரிய ஆசனத்தில் தான் ஏறியமர்தலே ஆகும். இதனினும் பெரிய சிவாபராதம் யாது?

பெரியபுராணத்தை நோக்குவார்க்கு இவ்வுண்மை இன்னும் இனிது விளங்கும். சீகாழியிற் பிரமதீர்த்தக் கரையில், மூன்றாண்டு நிரம்பிய பிள்ளையாரின் வாயில் ஒழுகிய பாலைக் கண்ட சிவபாதவிருதயர், யார் தந்த எச்சிற்பாலை உண்டாய் என்று சினந்து கோல் ஓங்கினார். பிள்ளையார் விண்ணைச் சுட்டிக்காட்டித் திருப்பதிகம் பாடியருளினார். ஓங்கிய கோல் விழவில்லை. சிவபாதவிருதயர் மறையவர், ஒழுக்கத்திற் சிறந்தவர், மகன்மேல் அன்பு நிறைந்தவர். அத்தகையார்க்கும் கண்ணெதிரே நின்ற குழந்தையின் வாயில் இருந்தது ஞானப்பால் என்பது தெரிந்திலது. வினாவுமுன் அடித்திருப்பின், அவ்வடி எதன்மேல் விழுந்திருக்கும் என்பதைப் பிரம்பேந்துவார் எண்ணிப் பார்ப்பாராக.

அங்கே விழாத கோல் திருச்சேய்ஞலூரில் விழுந்தது. ஆயன் ஒருவன் பசுவை அடித்தது பொறாது தாமே ஆனிரை மேய்க்க முன்வந்த சிறுவர் விசாரசருமர். அவர் மண்ணியாற்றங்கரையில் மணலாற் சிவலிங்கம் அமைத்துப் பாலாட்டி வழிபட, பாலை வீணாக்குகின்றார் என்று ஊரார் குறைகூறினர். தந்தையாகிய எச்சதத்தன் குராமரத்தில் ஏறி மறைந்திருந்து தானே கண்டான். கண்டும் அறிந்திலன். மகன் முதுகிற் கோலால் அடித்தான். பாற்குடத்தைக் காலால் இடறினான். பின் நிகழ்ந்தது சைவர் யாவரும் அறிந்ததே. மகனார் எடுத்த கோல் மழுவாயிற்று, தந்தை தாளிழந்தான், இறைவன் தோன்றி இனி உனக்குத் தந்தை யாமே என்று அப்பிள்ளையை அணைத்துச் சண்டீசப்பதம் அளித்தான். எச்சதத்தனும் பிழை நீங்கிச் சிவலோகம் சேர்ந்தான் என்பது இறைவன் கருணையைக் காட்டுமேயன்றி அவன் அடித்தது தக்கதென்று காட்டாது. உடம்பைத் தந்தமையால் தந்தை உயிர்க்கு உடையவன் ஆகான். அநாதியாகிய உயிர்க்கு உடையவன் ஒருவனே என்பதன்றோ இவ்வரலாற்றின் உள்ளுறை?

மதுரையிற் பிட்டுக்கு மண் சுமந்த பெருமான்மேல் பாண்டியன் ஓச்சிய பிரம்படி எல்லா உயிர்மேலும் பட்டது என்னும் திருவிளையாடலைக் கேட்டு உருகாத சைவர் இலர். வேலை செய்யாத கூலியாள் என்று எண்ணியே பாண்டியனும் அடித்தான். அவனும் தன் செயலை முறையென்றே கருதியிருந்தான். அவ்வரலாற்றைக் கேட்டுக் கண்ணீர் வடித்து வீடுசேர்ந்து, அன்றிரவே பிள்ளையை அடிப்பவன் எதனைக் கேட்டான்?

அடியாவிடின் பிள்ளை கெட்டொழியுமே, அடக்கம் வேண்டாவோ எனின், அடக்கம் வேண்டும். அதற்கு வழி திலகவதியார் காட்டினார். தாய்தந்தையரை இழந்த மருணீக்கியாரை வளர்த்த தமக்கையார் அவர். தம்பியார் சைவம் விடுத்துப் பிறசமயம் புக்கபொழுது அவர் ஏசினார் அல்லர், ஒறுத்தார் அல்லர். திருவதிகை வீரட்டானத்தில் அலகிட்டும் மெழுகியும் மாலை தொடுத்தும் தொண்டு செய்து, தம்பியாரை மீட்டருளும்படி இறைவனிடம் முறையிட்டார். சூலைநோய் தந்தவன் இறைவன். நோயுற்ற தம்பியார் அழைத்தபொழுது அவரிருந்த இடத்துக்கு வர மறுத்த உறுதியும் அம்மையார்பால் இருந்தது; அவரே வந்து அடிவீழ்ந்தபொழுது, சென்ற பிழையைச் சொல்லிக்காட்டாமல் திருநீறு அளித்துத் திருக்கோயிலுட் புகுவித்த அன்பும் இருந்தது. தண்டம் இறைவனுடையது, உறுதியும் பரிவும் தமக்கையாருடையன. இப்பாகுபாட்டை உணர்ந்தார்க்கு மறக்கருணை விளங்கும். உணராதார் சூலையையும் தாமே கொடுக்க முற்படுவர்.

திருவள்ளுவரும் மக்கட்பேறு என்னும் அதிகாரத்தில் தந்தையின் கடனாகக் கூறியது மகனை அவையில் முந்தியிருக்கச் செய்தலே. அவ்வதிகாரத்தில் ஒறுத்தலைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை.

உலகமும் இவ்வுண்மையை இப்பொழுது உணர்ந்து வருகின்றது. சுவீடன் நாடு 1979ஆம் ஆண்டிலேயே வீட்டிலும் பிள்ளைகளை அடித்தலைச் சட்டத்தால் விலக்கிற்று. நம் நாட்டில் 2009ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம், தன் 17ஆம் பிரிவில், பள்ளிப்பிள்ளைகளை உடலால் ஒறுத்தலையும் உள்ளத்தால் துன்புறுத்தலையும் தடை செய்கின்றது. அடி பிள்ளையைத் திருத்துவதினும் முரடாக்குவதே மிகுதி என்று பல நாட்டு ஆராய்ச்சியாளரும் எழுதியுள்ளனர். எனினும், சட்டத்துக்கு அஞ்சிப் பிரம்பை ஒளித்துவைத்தல் சைவர்க்குப் பெருமை தருவது அன்று. தண்டனைக்கு அஞ்சி அடியாதிருப்பவன், அஞ்சவேண்டாத இடத்து அடிப்பான். சைவன் அடியாமைக்குக் காரணம் அவன் சமயமாகவே இருத்தல் வேண்டும்.

இதனால் விளையும் கேடு ஒன்றைச் சைவப்பெருமக்கள் சிறப்பாக எண்ணுதல் கடன். தேவாரப் பதிகத்தில் ஓரடியை மறந்த சிறுவனுக்குப் பிரம்படி கொடுத்தால் அவன் நெஞ்சில் நிற்பது பதிகமோ, பிரம்போ? ஞானப்பாலுண்ட குழந்தையின் பாடலை மற்றொரு குழந்தைக்கு அழுகையோடு ஊட்டினால், வளர்ந்தபின் அவன் திருமுறையைக் கேட்குந்தோறும் உள்ளங்கையின் எரிவையே நினைப்பான். அவ்வாறு திருமுறையை வெறுத்து நீங்குவாரைச் சமயப்பற்று இல்லாதார் என்று பழித்தல் யார் பிழையை யார்மேல் ஏற்றுவது?

ஆதலின், பிள்ளையை அடிக்க விழைவார் தம் வெகுளியைத் தம் வெகுளியென்றே ஒப்புக்கொள்க. சித்தியாரைத் துணைக்கு அழையாதொழிக. சாத்திரம் உயிரின் கட்டை அவிழ்க்க வந்தது. சிறுவன் கையைக் கட்ட வந்தது அன்று.

திருச்சிற்றம்பலம்.