கணக்கில் வராத குடிகள்

பழவேற்காடு ஏரிக்கு ஆண்டுதோறும் குளிர்காலத்தில் பூநாரைகள் வருகின்றன. வனத்துறையினரும் பறவை ஆர்வலர்களும் தொலைநோக்கியுடன் சென்று அவற்றை இனவாரியாக எண்ணிக் குறிக்கின்றனர். போற்றத்தக்க பணி அது. அதே ஏரியில் மார்பளவு நீரில் இறங்கி, பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பழங்குடிக் குடும்பங்கள் உள்ளன. அவற்றுள் எத்தனைக்குச் சொந்த மனை உண்டு, எத்தனைக்கு இல்லை என்பதை அதே கருத்துடன் எண்ணிக் குறித்தவர் யார்?

இங்குள்ள மீனவ ஊரான லைட்ஹவுஸ் குப்பம் கடலுக்கும் ஏரிக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணல்திட்டில் உள்ளது. தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகமும், எண்ணூரின் காமராசர் துறைமுகமும், அனல்மின் நிலையங்களும் எழுந்துள்ளன. வடக்கே சிறீஅரிக்கோட்டாவில் 1971இல் முதல் ராக்கெட் விண்ணில் ஏறியது. அந்த ஏவுதளத்துக்கு இடம் விட்டு அகன்றவர்களுள் அத்தீவின் யானாதிப் பழங்குடியினரும் அடங்குவர். ஆக, இப்பகுதி செல்வத்தை அறியாத பகுதி அன்று. குப்பத்து மீனவர்களுக்கோ கடல் அரிப்பும் முகத்துவாரத்தின் மணலடைப்பும் தீராத் துயரங்கள். ஆயினும் ஊர்ப் பஞ்சாயத்து என்னும் அரணும், ஏரி நீரைச் சீட்டுக் குலுக்கிப் பங்கிடும் பாடு முறையும் அவர்களுக்கு உண்டு. பாடு முறையில் பங்கும் இன்றி, படகும் வலையும் இன்றி நிற்பவர் இருளர். வறியோர் வரிசையிலும் கடைசியில் நிற்பவரையே நாடு முதலில் மறக்கிறது.

மறதிக்கு வழி வகுப்பது கணக்கே. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பிப்ரவரி 28 இரவில் வீடற்றோர் எண்ணப்பட்டனர். நாடு முழுவதும் ஏறத்தாழ 17.7 லட்சம் பேர், நகரங்களில் 9.38 லட்சம், ஊர்ப்புறங்களில் 8.34 லட்சம். நடைபாதை, மேம்பாலத்தின் அடி, குழாய்களின் உள், தொடர்வண்டி நிலைய நடைமேடை என வெட்டவெளியில் துயில்வோரே அக்கணக்கில் வீடற்றோர். ஓலையும் நெகிழித் தாளும் போர்த்த ஒரு குடில் இருந்துவிட்டால் அக்குடும்பம் அப்பட்டியலில் இல்லை. வீட்டுத் திட்டத்தை நாடினாலோ, முதலில் மனைப் பட்டா கேட்கப்படுகிறது. வீடொன்றுக்கு 3.5 லட்சம் ரூபாய் வழங்கும் கலைஞரின் கனவு இல்லம் திட்டமும் சொந்த மனை உள்ளவர்க்கே பயன்படுவது. குடிலிருப்பதால் வீடற்றோரும் அல்லர். பட்டா இல்லாததால் வீடு பெறத் தக்கோரும் அல்லர். இந்த இடைவெளியில்தான் இக்குடும்பங்கள் தலைமுறைகளைக் கழிக்கின்றன.

ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தெற்கே, சென்னையின் செல்வத் தெருக்களிலும் இதே அநீதியை வேறு கோலத்தில் காண்கிறோம். பூட்டிய கடைகளின் படிகளில் இரவைக் கழிப்போருள் பலர் பகலில் அந்நகருக்காகவே உழைப்பவர்கள். மூட்டை சுமப்போர், குப்பையில் காகிதம் பொறுக்குவோர், பூக்கட்டுவோர் இல்லாமல் அந்தக் கடைவீதிகள் இயங்கா. பெருநகரங்களில் லட்சம் மக்களுக்கு ஓர் உறைவிடம் வேண்டுமென்று உச்சநீதிமன்றம் 2010இல் பணித்தது. அதன் வழியே நகர்ப்புற வீடற்றோர்க்கெனத் திட்டமும் வந்தது. வீடற்றோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் வாழும் ஊர்ப்புறத்திற்கு அத்திட்டம் எட்டவில்லை. நகரத்து வீடற்றவரை நாம் கண்டும் கடந்து செல்கிறோம். ஏரிக்கரை வீடற்றவரைக் காண்பதற்கும் நாம் செல்வதில்லை.

கரையோர நிலம் நீர்நிலைப் புறம்போக்கு, காப்புக்காடு, கடலோர ஒழுங்குமுறை மண்டலம் எனப் பல தடைகளுக்கு உட்பட்டது, எனவே பட்டா வழங்க இயலாது என்பது அதிகாரிகளின் வழக்கமான மறுமொழி. சட்டம் அவ்வாறு இருக்கலாம். அந்த இடத்தில் தர இயலாதெனில் நடந்து செல்லும் தொலைவில் வேறிடம் தேடித் தருவது அரசின் கடமையாகும். தொலைவில் குடியமர்த்துவது தீர்வன்று. சென்னையின் உட்பகுதிகளிலிருந்து அகற்றப்பட்டுக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் சுவரும் கூரையும் பெற்ற குடும்பங்கள் பல, பிழைப்பிடத்தை இழந்து அல்லலுற்றதைத் தமிழகம் கண்டிருக்கிறது. ஏரியில் கைவைத்துப் பிழைப்பவரை ஏரியிலிருந்து அகற்றிக் குடியமர்த்துவது வீடு தந்து சோற்றைப் பறிப்பதாகும்.

தொல்குடியினருள் மிகவும் நலிந்தோர் என இருளர் அரசாலேயே வகைப்படுத்தப்பட்டவர்கள். இவ்வகையினர்க்கென 2023 நவம்பரில் தொடங்கப்பட்ட பிரதமர் ஜன்மன் திட்டத்தில் வீட்டுவசதியும் அடங்கும். திட்டமும் பணமும் இருந்தும் பயன் சேராமைக்குச் சாதிச் சான்றும் பட்டாவும் இல்லாமையே பெருந்தடை. பழங்குடிச் சான்று பெற வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலையும் ஒவ்வொரு நாளும் அவர்களுக்கு இறாலில்லாத, கூலியில்லாத நாள்.

ஆகவே நாம் வற்புறுத்துவது இது. 2027 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடைபெறவுள்ளது. அதற்கு முன்பே பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டங்களின் இருளர் குடியிருப்புகள் ஒவ்வொன்றையும் வருவாய்த் துறையும் பழங்குடியினர் நலத்துறையும் நேரிற் சென்று எண்ண வேண்டும். சான்றிதழைக் குடியிருப்பிலேயே வழங்க வேண்டும். மனைப் பட்டா குடும்பத்தலைவியின் பெயரில் அமைய வேண்டும். சென்னையில் வீடற்றோரை எண்ணும் இரவில், அவர்களுடன் பழகிய தொண்டர்களும் கணக்கெடுப்போருடன் செல்ல வேண்டும். இவற்றுள் எதற்கும் புதிய சட்டம் வேண்டுவதில்லை. திருவள்ளூர் மாவட்ட நிர்வாகம் இப்பணியை இவ்வாண்டிலேயே தொடங்குக.