மின்வண்டியில் துயிலும் உரிமையும் கடமையும்

மனிதன் வீடு கட்டி வாழக் கற்றுக்கொண்ட பின்னரும், அவ்வீட்டை விட்டுச் சின்னாள் வெளியேறி வானத்தின் கீழே தங்க விரும்பும் வேட்கை அவனை விட்டு நீங்கவில்லை. பாசறை என்னுஞ் சொல் தமிழருக்குப் புதியதன்று. வாடைக்காற்று வீசும் பருவத்திலே போர்மேற் சென்ற வேந்தன் தங்கியிருக்கும் நிலையைக் கூதிர்ப் பாசறை எனத் தனித்துறையாகவே நம் முன்னோர் வகுத்தனர். பிற்காலத்தில், 1907ஆம் ஆண்டிலே, இங்கிலாந்தின் பிரவுன்சீத் தீவிற் பேடன் பவல் சிறுவர் சிலரைக் கொண்டு நடாத்திய பாசறையிலிருந்து சாரணர் இயக்கம் தோன்றியது. அதன்வழிக் கூடாரமடிக்கவும், விறகு பொறுக்கவும், மூன்று கல்லின்மேற் சோறாக்கவும் பழகியோர் நம் பழைய மாணவருள்ளும் பலர். அப்பாசறை இன்று புதியதொரு வடிவம் பூண்டுள்ளது. எஸ்.யூ.வி. என வழங்கும் உயரமான மின்மோட்டார் வண்டியிலே பின்னாசனங்களை மடித்து, மெத்தை விரித்து, காட்டோரத்திலும் கடலோரத்திலும் இரவைக் கழிக்கும் வழக்கம் மேலைநாடுகளிற் பரவி வருகின்றது. இதனை முற்றும் இகழ்வாரும் உளர். முற்றும் புகழ்வாரும் உளர். இருசாராரும் காணத் தவறியதொன்றை எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மோட்டார் வண்டியோடு பாசறைக்குப் போதல் நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. அமெரிக்காவிலே ஹென்றி போர்ட், தோமஸ் எடிசன், ஹாவி பயர்ஸ்டோன் ஆகியோர், இயற்கை நூலாசிரியரான ஜோன் பரோசையும் சிலமுறை உடன்கொண்டு, 1915 முதல் 1924 வரையான காலத்திற் பலமுறை மோட்டார் வண்டிகளிற் புறப்பட்டுக் காடு மலைகளிலே தங்கினர். அவர்தம் கூடாரங்களுக்கு ஒளியூட்டியவை எடிசன் உடன்கொண்டு சென்ற மின்கலங்களே. மலிவான மின்வண்டியொன்றை ஆக்குதற்கு அவ்விருவரும் 1914ஆம் ஆண்டிலே திட்டமிட்டனர் என்பதும், அது கைகூடாது போயிற்று என்பதும் வரலாறு. அன்று கூடாரத்துக்கு விளக்கேற்றிய மின்கலமும், அவர் ஆக்க விரும்பிய வண்டியும், ஒரு நூற்றாண்டின் பின் ஒன்றாகி மனிதன் உறங்கும் அறையாகவும் அமைந்துவிட்டன.

பெற்றோல் வண்டியில் இயலாதது மின்வண்டியில் எவ்வாறு இயல்கின்றது? சாதாரண வண்டியின் பன்னிரண்டு வோல்ற்று மின்கலம் ஏறக்குறைய அரைக் கிலோவாற்று மணி மின்சாரத்தையே சேமித்து வைக்கும். நடுத்தர மின்வண்டியின் அடித்தளத்தில் அமைந்த மின்கல அடுக்கோ 75 கிலோவாற்று மணி வரையிற் கொள்ளும். அஃதாவது நூறு மடங்குக்கும் மேலானது. மிதமான குளிரிலே வண்டியினுள் வெம்மையைக் காத்தற்குச் சராசரி அரைக் கிலோவாற்று வேண்டுமெனக் கொண்டால், எட்டு மணி நேரத் துயிலுக்கு 4 கிலோவாற்று மணி போதும். இது முழு இருப்பில் நூற்றுக்கு ஐந்து அல்லது ஆறு பங்கேயாம். கடுங்குளிரிற் செலவு இருமடங்காயினும் பத்தில் ஒரு பங்களவிலே நிற்கும். இவ்வசதியை அறிந்தே ரெஸ்லா நிறுவனம் 2019ஆம் ஆண்டின் இறுதியிற் பாசறைக்கென ஓர் ஏற்பாட்டைத் தன் வண்டிகளிற் சேர்த்தது. 2021இல் வெளிவந்த ஹியுண்டாய் ஐயோனிக் 5 வண்டியிலிருந்து 3.6 கிலோவாற்று வரையில் மின்சாரத்தை வெளியே எடுத்து அடுப்பெரிக்கவும் நீர் கொதிக்க வைக்கவும் இயலும்.

இதனால் விளையும் நன்மைகளுள் முதலாவது உயிர்க்காப்பு. குளிருக்கஞ்சி இயந்திரத்தை ஓடவிட்டுப் பெற்றோல் வண்டியில் உறங்குதல் ஆபத்தானது. புகைக்குழாயைப் பனி மூடிவிட்டால், நிறமும் மணமுமற்ற காபனோரொட்சைட்டு வாயு உள்ளே புகுந்து உறங்குவோரை உறக்கத்திலேயே கொன்றுவிடும். மின்வண்டிக்குப் புகைக்குழாய் இல்லை. ஆதலின் அவ்வச்சமும் இல்லை. ஆயினும், வண்டி மின்வண்டி என்னுந் துணிவினாலே கரியடுப்பையோ வாயு அடுப்பையோ உள்ளே மூட்டுபவன், நீங்கிய கூற்றுவனைத் தானே அழைத்தவனாவான். காற்று உட்புகும் வழியைத் திறந்து வைத்தலும் வேண்டும். அடைத்த வண்டியிலே உறங்குவோரின் மூச்சிலுள்ள நீராவி கண்ணாடியிற் படிவதோடு, காற்றும் கெடும்.

இரண்டாவது நன்மை, பாசறையின் கதவு பலருக்குத் திறந்தமை. முழங்கால் நோவுடைய முதியவர் ஈரத்தரையிலே படுத்தெழ இயலாதவர். கைக்குழந்தையோடு செல்லுந் தாய் கூடாரத்தினுள் வீசுங் குளிர்காற்றுக்கு அஞ்சுவாள். தனித்துச் செல்லும் பெண்ணுக்குப் பூட்டிய கதவு ஒரு காவல். இவரெல்லாம் இதுகாறும் விடுதியிலே தங்கிப் பகலில் மட்டும் காட்டைப் பார்த்துத் திரும்பியவர்கள். வைகறையிற் பறவை பாடுவதையும், நள்ளிரவில் மலைமேல் விண்மீன் நிறைவதையும் இனி அவரும் காண்பர். இதனை ஏளனஞ் செய்தல் தகாது. துன்பப்படுதலே பாசறை என்பார்க்கு யான் கூறுவது இதுவே: சாரணர் தரையிற் படுத்தது நோவைத் தேடியன்று, இயற்கையை அணுகவேண்டியே. அணுகும் வழி வேறாயினும் அணுகுதல் ஒன்றே.

இனி, இதனைப் புகழ்வார் மறந்த பக்கத்தைக் காண்போம். அதற்கு யாழ்ப்பாணத்துத் தமிழர் பலர் குடியேறி வாழும் நோர்வே நாடு நல்ல எடுத்துக்காட்டாகும். அங்கே 2024ஆம் ஆண்டில் விற்பனையான புதிய கார்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 89 மின்வண்டிகள். அந்நாட்டிற்குப் பழைய பெருமையொன்றும் உண்டு. பயிரிடப்படாத நிலம் யாருடைய உடைமையாயினும், எவரும் அதில் நடந்து செல்லலாம், கூடாரமடித்துத் தங்கலாம். வழிவழி வந்த இவ்வுரிமையை 1957ஆம் ஆண்டுச் சட்டம் எழுத்தில் உறுதிசெய்தது. மக்கள் வாழும் வீட்டுக்கு 150 மீற்றருக்கு அண்மையில் தங்கலாகாது. பொதுவாக ஓரிடத்தில் இரண்டு இரவுக்கு மேல் உடையவரின் இசைவின்றித் தங்கலாகாது. தங்கிய இடத்தைக் கெடுத்தலும் ஆகாது. உடையவனும் வழிப்போக்கனும் ஒருவரையொருவர் நம்பி வாழும் நாகரிகத்தின் சின்னம் இச்சட்டம்.

ஆனால் இவ்வுரிமை நடப்பவனுக்கும் படகோட்டுபவனுக்கும் உரியதேயன்றி, மோட்டார் வண்டிக்கு உரியதன்று. வெளிநிலத்திலே வண்டியோட்டுதலை 1977ஆம் ஆண்டின் வேறொரு சட்டம் பொதுவாகத் தடுக்கின்றது. முதுகிலே கூடாரஞ் சுமந்து நடப்பவன் தானும் தன் காலும் செல்லுமளவே செல்வான். அவன் சுமக்கும் பொருளும் சிறிது, விட்டுச்செல்லும் சுவடும் சிறிது. இரண்டு தொன் எடையுடைய வண்டியில் வருபவனின் சுவடு அத்தகையதன்று. அவன் வீதியோரத்தை அடைக்கின்றான், புல்லை நசுக்குகின்றான், அவனைப் போல நூறு பேர் வரின் ஊரவர் தம் வீட்டு வாயிலிலே அயலார் உறக்கத்தைக் காண்பர். லொபோத்தன் தீவுகளிற் சில இடங்களில் இரவு தங்கலாகாது என்னும் அறிவிப்புகள் எழுந்தமைக்கு இத்தகைய நெருக்கமே காரணம். வண்டியின் மௌனம் இங்கே நன்மையுந் தீமையுமாகின்றது. ஓசை எழுப்பாமையால் அயலாருக்கு இடையூறில்லை. அவ்வோசையின்மையே, யாருமறியாது எங்கேயுந் தங்கலாம் என்னும் ஆசையையும் தூண்டுகின்றது.

இதிற் பணயமாய் நிற்பது ஒருவர் ஓரிரவு உறங்கும் இடமன்று. வண்டியிலே வருவோர் விதியை மீறின், தடை அவர்க்கு மட்டும் வருமென்று கூற முடியாது. மனம் வெறுத்த ஊரவர் நடந்து வருவோனையும் ஐயக்கண்கொண்டே நோக்குவர். பல தலைமுறையாக ஏழைக்கும் செல்வனுக்கும் ஒப்ப உரியதாயிருந்த வெளியை, விலையுயர்ந்த வண்டியுடையார் சிலரின் கவலையீனம் எல்லார்க்கும் மூடிவிடலாம். உரிமை என்பது பலர் சேர்ந்து காக்கும் பொதுக்கிணறு. ஒருவன் காலைக் கழுவினும் ஊரெல்லாம் தாகத்தால் வருந்தும்.

ஆயின் மின்வண்டியிலே துயில விரும்புவோன் எங்கே துயில்வது? பணஞ் செலுத்தித் தங்கும் பாசறை நிலங்களே அவனுக்கு உரிய இடம் என்பது என் துணிபு. இதனை அறநெறி நோக்கி மட்டும் கூறவில்லை. கணக்கும் அவ்வாறே கூறுகின்றது. பாசறை நிலத்தில் அமைந்த 230 வோல்ற்று இணைப்பிலிருந்து பத்து அம்பியர் பெற்றால், எட்டு மணி நேரத்தில் ஏறக்குறைய 18 கிலோவாற்று மணி கிடைக்கும். துயிலுக்கு நாலு போக எஞ்சிய பதினான்கும் மறுநாள் எழுபது எண்பது கிலோமீற்றர்ப் பயணத்துக்கு உதவும். உறங்கும் நேரமே வண்டி உண்ணும் நேரமாகின்றது. இணைப்பு அதற்கு ஏற்றதோ என உரிமையாளரைக் கேட்டு, உரிய கட்டணத்தைக் கொடுத்தல் வேண்டும். விரைவு மின்னேற்று நிலையத்திலே இணைப்பை மாட்டிவிட்டு விடியுமட்டும் உறங்குதலோ பெருந்தவறு. பின்னால் வருபவன் எஞ்சிய சிறு இருப்போடு தவித்து நிற்பான்.

குளிர்நாட்டிலே இன்னுமொரு விழிப்பு வேண்டும். நோர்வேயின் மோட்டார் சங்கத்தினர் 2020ஆம் ஆண்டு குளிர்காலத்திலே இருபது மின்வண்டிகளை ஓட்டிப் பார்த்தபோது, அவை அறிவிக்கப்பட்ட தூரத்திற் சராசரியாக 18.5 விழுக்காடு குறைவாகவே ஓடின. மலைவழியில் இரவு தங்குபவன் துயிலுக்காகும் செலவை மட்டுமன்றி, காலையிற் போகவேண்டிய தூரத்தையும் குளிர் உண்ணும் பங்கையும் சேர்த்தே கணக்கிடல் வேண்டும். வண்டி என்னதான் வெம்மையூட்டினும் நல்ல கம்பளமொன்றை உடன்கொண்டு செல்பவனே அறிவுடையோன்.

மின்வண்டி நமக்கு ஒரு கண்ணாடி அறையைத் தந்துள்ளது. அதனுள்ளே படுத்துத் திரைப்படம் பார்த்து விடிந்ததும் திரும்புவோன், தன் வீட்டையே நூறு கிலோமீற்றர் சுமந்து சென்றவனன்றிப் பாசறைக்குச் சென்றவனல்லன். கதவைத் திறந்து இறங்கி, ஈரமண்ணை மிதித்து, ஆற்றுநீரில் முகங்கழுவி, தான் வந்த சுவடின்றி இடத்தைத் துப்புரவாக்கிச் செல்பவனுக்கே அவ்வறை வாயிலாகும். புலம்பெயர்ந்த நாடுகளிலே வளரும் நம் பிள்ளைகளுக்கு இவ்விரண்டின் வேறுபாட்டை உணர்த்துதல் பெற்றோர் கடன். வசதி பெருகுந்தோறும் அடக்கமும் பெருகுதல் வேண்டும் என்பதை அவர் ஏட்டிற் படித்தறிவதினும், தந்தை தாயர் ஓர் இரவு தங்கி எழுந்துபோன இடத்தைக் கண்டறிதல் நன்று.