வெண்பா ஜெயித்தாள், நம் குழந்தைகள் ஜெயிப்பது எப்போது?

உதகையில் நடப்பதாக ஒரு கதை. 2020-ஆம் ஆண்டு மே 29-ல் வெளிவந்த படம். பெயர் ‘பொன்மகள் வந்தாள்’. டைரக்டர் ஜே.ஜே. பிரெட்ரிக். வக்கீல் வெண்பாவாக ஜோதிகா நடித்திருக்கிறார். கொரோனா ஊரடங்கில் சினிமாக் கொட்டகைகள் பூட்டிக் கிடந்த காலம். ஆகவே படம் கொட்டகைக்கு வராமலே அமேசான் பிரைம் வழியாக நேரே வீட்டுக்கு வந்தது. கொட்டகைச் சொந்தக்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள். அந்த லாப நஷ்டச் சண்டையைப் பத்திரிகைகள் பத்தி பத்தியாக எழுதின. ஆனால் படம் எந்த ஜனங்களின் குழந்தைகளைப் பற்றிப் பேசுகிறதோ, அந்த ஜனங்களின் அபிப்பிராயத்தை யார் கேட்டார்கள்?

நாம் கேட்டோம். அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காந்தல் முக்கோணத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு வீட்டில், நம் பத்திரிகையின் வாசகர்கள் இருபது பேர் போல ஒன்றுகூடி இந்தப் படத்தைப் பார்த்தார்கள். விடியுமுன்பே வண்டியேறி கேரட் பிடுங்கப் போகும் பெண்கள், மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள், லாட்ஜில் படுக்கை விரிக்கிறவர்கள், நகராட்சித் துப்புரவுத் தொழிலாளிகள், எஸ்டேட்டில் வேலை முடிந்து பிள்ளைகளோடு வந்து குடியேறிய வயதான மாதர் இருவர். படம் முடிந்தது. வறக்காப்பி வந்தது. பேச்சு இரவு பத்து மணி வரை ஓயவில்லை.

கதை என்ன?

2004-ல் உதகையில் குழந்தைகளைக் கடத்திக் கொன்றவள் என்று ஜோதி என்ற பெண்ணைப் போலீஸ் சுட்டுக் கொன்றுவிடுகிறது. அவள் வடக்கேயிருந்து வந்தவள். கேஸ் முடிந்தது, ஊர் நிம்மதியாகத் தூங்கியது. பதினைந்து ஆண்டுகள் கழித்து, மனு எழுதிப் போடுவதே வேலையாக வைத்திருக்கும் பெத்துராஜ் (பாக்கியராஜ்) அந்தக் கேஸை மறுபடி கிளப்புகிறார். அவர் வளர்த்த பெண் வெண்பா வாதாடுகிறாள். எதிர்த்தரப்பில் பேர்பெற்ற வக்கீல் (பார்த்திபன்). அவருக்குப் பின்னே ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர். சீரழிக்கப்பட்டவர்கள் குழந்தைகள், சீரழித்தவர்கள் பணம் படைத்தவர்கள், பழி விழுந்தது செத்துப்போனவள் தலையில். கடைசித் திருப்பங்களை உடைக்காமல் விடுகிறோம். பார்க்காதவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

தொழிலாளர்கள் சொன்னது

முதலில் வாய் திறந்தவர் கேரட் தோட்டத்துக்குப் போகும் ஒரு தாய். “செத்தவ எந்திரிச்சு வந்து சாட்சி சொல்லவா போறா? அதனாலேதான் எல்லாத்தையும் அவ தலையிலே கட்டிட்டாங்க” என்றார்.

எவ்வளவு பெரிய உண்மை! விசாரணையில்லாமல் ஒருவரைச் சுட்டுத் தள்ளும்போது ஜனங்கள் பட்டாசு வெடிக்கிறார்கள். ‘இப்படித்தான் செய்யவேண்டும்’ என்று நம் தோழர்களிலேகூடச் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனால் சுடப்பட்டவன்தான் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதியது யார்? சுட்டவரே! உண்மைக் குற்றவாளி பணக்காரனாக இருந்தால், அந்தத் துப்பாக்கிச் சத்தத்தைவிட அவனுக்கு இனிய சங்கீதம் உண்டா? 2014-ல் உச்சநீதிமன்றம் இதற்கென்று விதிமுறைகள் வகுத்தது. போலீஸ் மோதலில் சாவு நேர்ந்தால் வழக்குப் பதிய வேண்டும், சி.ஐ.டி.யோ வேறு போலீஸ் நிலையமோ சுதந்திரமாகப் புலனாய்வு செய்ய வேண்டும். மாஜிஸ்திரேட் விசாரணையும் நடக்க வேண்டும். இது கொலைகாரர்களைக் காப்பாற்ற வந்த விதியல்ல. ஜோதிகளைக் காப்பாற்ற வந்த விதி.

மூட்டை தூக்கும் தோழர் ஒருவர் வேறொன்றைக் கண்டுபிடித்தார். “அவ வடக்கத்திக்காரி. அதனாலே ஊரு சட்டுனு நம்பிடுச்சு.” இன்று நீலகிரியின் எஸ்டேட்டுகளில் ஜார்க்கண்டிலிருந்து வந்த ஆணும் பெண்ணும் கொழுந்து பறிக்கிறார்கள். ஊரில் ஒரு குழந்தை காணாமல் போனால் முதலில் யாரை முறைக்கிறோம்? இந்தக் கேள்வியைத் தோழர் நம்மைப் பார்த்தே கேட்டார். நாம் தலை குனிந்தோம். நம் பாட்டன்மாரும் ஒரு காலத்தில் சமவெளியிலிருந்து மலைக்குக் கூலிகளாக வந்து இறங்கியவர்கள்தானே!

லாட்ஜில் வேலை செய்யும் இளைஞர் படத்தின் மேல் குற்றம் சொன்னார். “கோர்ட்டுன்னா இப்படியா? ஆளாளுக்கு மேடைப் பேச்சுப் பேசறாங்க. ஜட்ஜ் அய்யா பார்த்துக்கிட்டே இருக்கார்.” நியாயமான புகார். 2012-ல் போக்சோ சட்டம் வந்தது. அதன்படி குழந்தையின் சாட்சியம் மூடிய அறையில்தான். சாட்சி சொல்லும் குழந்தையின் கண்ணில் குற்றவாளி படக்கூடாது. வக்கீல் குழந்தையை நேரே மிரட்டிக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. கேள்வியை நீதிபதியிடம் கொடுக்க வேண்டும், நீதிபதிதான் குழந்தையிடம் கேட்பார். குழந்தையின் பெயரையோ அடையாளத்தையோ பத்திரிகையில் போடக்கூடாது. சினிமாவில் இது இல்லாததால் என்ன கேடு? படம் பார்க்கும் ஏழைத் தாய், ‘ஐயோ, என் மகளை இப்படி நாலு பேர் முன்னே நிறுத்திக் கேட்பார்களே’ என்று பயந்து, இருக்கிற வாயையும் மூடிக்கொள்வாள். அதுதான் கேடு.

வக்கீலுக்கும் வடு வேண்டுமா?

எஸ்டேட்டிலிருந்து வந்த மூத்த அம்மா ஒருவர் 1984-ல் வந்த ‘விதி’ படத்தை நினைவூட்டினார். கே. விஜயன் டைரக்ட் செய்த படம். மோகன் கைவிட்ட பெண்ணாகப் பூர்ணிமா. அவளுக்காக வாதாடும் வக்கீலாக சுஜாதா. அதன் வசன ஒலிநாடா டீக்கடை டீக்கடையாக ஒலித்தது இப்போதும் பலருக்கு ஞாபகமிருக்கும். “அதிலேயும் அந்த வக்கீலம்மா முன்னே ஒருத்தன்கிட்டே ஏமாந்தவதான். இதிலேயும் வக்கீலுக்கே காயம் பட்டிருக்கு. ஏன் தம்பி, பொம்பளை வக்கீலுன்னா தனக்கு அடி விழுந்திருந்தாத்தான் பேசுவாளா?”

இந்தக் கேள்விக்கு எந்த விமர்சகரும் பக்கத்தில் வரமுடியாது. சினிமாவில் ஆண் வக்கீல் தன் வீடு கொள்ளை போயிருந்தால்தான் கொள்ளைக் கேஸ் நடத்துவான் என்று உண்டா? இல்லை. அவனுக்குச் சட்டம் ஒரு தொழில். பெண்ணுக்கு மட்டும் அது தன் சொந்தக் கண்ணீரைத் துடைக்கும் கைக்குட்டை! முப்பத்தாறு ஆண்டுகளில் வழக்கு மாறியது, உடை மாறியது. இந்தக் கணக்கு மாறவில்லை. இந்நாட்டில் பெண்கள் வக்கீல் தொழில் செய்யலாம் என்று சட்டம் வந்தது 1923-ல். நூறு ஆண்டு தாண்டிவிட்டது. வேலையாகவே சட்டத்தைச் செய்து, யாரோ ஒருவர் குழந்தைக்காகத் தொண்டை வறளப் பேசிவிட்டு பஸ் பிடித்து வீட்டுக்குப் போகும் பெண் வக்கீல்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களைச் சினிமா இன்னும் பார்க்கவில்லை.

சினிமா மட்டுமா? சர்க்கார் பார்த்ததா? இதே உதகையில் நடந்ததைக் கேளுங்கள். புதிய ஒருங்கிணைந்த நீதிமன்றக் கட்டடம் 2022-ல் திறக்கப்பட்டது. பெண் வக்கீல்களுக்கு அங்கே ஒழுங்கான கழிப்பறை வசதி இல்லை என்று நீலகிரிப் பெண் வக்கீல்கள் சங்கம் முறையிட்டது. பழைய கோர்ட்டுக் காலத்திலிருந்தே கால் நூற்றாண்டாக இது அவர்கள் கோரிக்கை. கடைசியில் விஷயம் டில்லி வரை போயிற்று. 2023 ஜூனில் உச்சநீதிமன்றமே சென்னை உயர்நீதிமன்றத்திடம் அறிக்கை கேட்க வேண்டியதாயிற்று! படத்தில் உதகைக் கோர்ட்டில் பெண் வக்கீல் சிங்கமாகக் கர்ஜிக்கிறாள். நிஜ உதகைக் கோர்ட்டில் பெண் வக்கீல் ஒரு கழிப்பறைக்காக உச்சநீதிமன்றப் படி ஏறினாள். கர்ஜனைக்குக் கைதட்டிய நாம் அந்த மனுவுக்கு என்ன செய்தோம்?

நம் மேல் விழுந்த கேள்வி

காப்பி டம்ளர்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்த ஒரு பெண், அதுவரை ஒரு வார்த்தையும் பேசாதவர், நம்மிடம் வந்தார். “அண்ணா, படத்திலே அந்த அப்பா மனு எழுதினாரே. அன்னைக்கு நீங்க எங்களுக்கு எழுதித் தரலையே.”

நமக்கு உடனே நினைவு வந்தது. சுமார் பத்து ஆண்டுகளுக்கு முன் நடந்தது. இடத்தையும் ஆட்களையும் சொல்ல மாட்டோம். அந்தக் குழந்தை இன்று வளர்ந்து தன் வாழ்வைத் தானே நடத்துகிறது. குற்றம் செய்தவன் குடும்பத்துக்கு வேலை கொடுத்தவன். வேலை போனால் லயன் வீடும் போகும். பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். அவனை ஊரைவிட்டு அனுப்புவது, குடும்பத்துக்குக் கொஞ்சம் பணம் வாங்கித் தருவது என்று முடிவாயிற்று. அந்தப் பேச்சில் நாமும் உட்கார்ந்திருந்தோம். ‘கோர்ட்டு, கேஸ் என்றால் குழந்தையின் பெயர் கெடும்’ என்று சொன்னவர்களில் நாமும் ஒருவர். கூலிப் போராட்டத்தில் சமரசம் கூடாது என்று முழங்கிய வாய், குழந்தையின் விஷயத்தில் சமரசம் பேசியது.

அப்போதே போக்சோ சட்டம் அமலில் இருந்தது. குற்றம் நடந்ததை அறிந்தவர் போலீஸில் தெரிவித்தே ஆகவேண்டும். தெரிவிக்காதிருப்பதே குற்றம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. நமக்குத் தெரியாது. தெரியாது என்பது சமாதானமல்ல. 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் ராஜஸ்தான் வழக்கு ஒன்றில் இன்னும் தெளிவாகச் சொல்லிவிட்டது: குழந்தைக்கு எதிரான இத்தகைய குற்றத்தை இரு தரப்பும் ராஜியாகிவிட்டதாகச் சொல்லி ரத்து செய்ய முடியாது. பஞ்சாயத்துக் கட்டையில் தீர்க்கும் வாய்க்கால் தகராறல்ல இது. அந்தச் சகோதரியிடம் நாம் மன்னிப்புக் கேட்டோம். இந்தப் பத்தியில் மறுபடியும் கேட்கிறோம்.

ஒருத்தி ஜெயிக்க முடியுமா?

துப்புரவுத் தொழிலாளித் தோழியர் ஒருவர் கேட்டார்: “வெண்பாவுக்கு மனு எழுத அப்பா இருந்தார். நமக்கு யாரு?” படத்தின் பெரிய குறை இதுதான். ஒரு கெட்டிக்காரப் பெண், ஒரு நல்ல தகப்பன். ஊர் எங்கே? கொலையுண்ட குழந்தைகளின் தாய்மார் எங்கே? சாட்சிகள் எங்கே?

நிஜத்தில் ஜெயித்த கேஸ் ஒன்றைப் பாருங்கள். 1992 ஜூன் 20. தருமபுரி மாவட்டம், சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தி கிராமம். சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீஸும் ரெவின்யூவும் புகுந்து ஊரைச் சூறையாடின. பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். மலைவாழ் மக்கள் சங்கம் வெளியே கொண்டுவந்தது. ஏ. நல்லசிவன் உச்சநீதிமன்றத்தில் மனுப் போட்டார். 1995-ல் சென்னை உயர்நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. 269 அரசு ஊழியர்கள் குற்றம் சாட்டப்பட்டார்கள். 2011 செப்டம்பர் 29-ல் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகளென்று தருமபுரி கோர்ட்டு தீர்த்தது. அப்பீல்களை விசாரித்த நீதிபதி வேல்முருகன் வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்தார். 2023 செப்டம்பர் 29-ல் அப்பீல்களைத் தள்ளுபடி செய்தார். பாதிக்கப்பட்ட பதினெட்டுப் பேருக்கும் தலைக்குப் பத்து லட்சம் ரூபாய் நஷ்டஈடு.

முப்பத்தோரு ஆண்டுகள்! அந்தப் பெண்கள் கூலி வேலையை விட்டுவிட்டுக் கோர்ட்டுக்கு நடந்தார்கள். ஆட்களை அடையாளம் காட்டினார்கள். மிரட்டலுக்கும் ஆசைக்கும் மசியவில்லை. ஒரு வக்கீல் பேசி ஜெயித்ததல்ல அது. ஒரு ஊர் வாய் மூடாததால் ஜெயித்தது. வக்கீல் கத்தியென்றால், சாட்சி அதைப் பிடிக்கும் கை. கையில்லாத கத்தி எதை அறுக்கும்?

செய்ய வேண்டியது என்ன?

காந்தல் வாசகர்கள் அன்றிரவே சில முடிவுகள் எடுத்தார்கள். மற்ற ஊர்த் தோழர்களுக்காக இங்கே எழுதுகிறோம்.

ஒன்று: குழந்தைக்குக் கேடு நேர்ந்தால் பஞ்சாயத்துப் பேசக்கூடாது. குழந்தைகள் உதவிக்கு 1098, பெண்கள் உதவிக்கு 181. குழந்தையைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு இழுத்துப் போக வேண்டியதில்லை; வாக்குமூலத்தை வீட்டிலேயே எழுதிக்கொள்ளலாம். முடிந்தவரை பெண் எஸ்.ஐ. வந்து, சீருடையில்லாமல் எழுத வேண்டும். இரவில் குழந்தையை ஸ்டேஷனில் வைக்கவே கூடாது.

இரண்டு: வக்கீலுக்குப் பணமில்லை என்று சோர வேண்டாம். 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் சட்டப்படி பெண், குழந்தை, தாழ்த்தப்பட்டவர், பழங்குடி, ஆலைத் தொழிலாளி ஆகியோருக்கு வருமானக் கணக்குப் பாராமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். இது பிச்சையல்ல, உரிமை.

மூன்று: பஞ்சாலைத் தோழர்களே, உங்கள் ஆலையில் பத்துப் பேருக்கு மேல் வேலை செய்தால், 2013-ஆம் ஆண்டு சட்டப்படி பெண் தலைமையில் உள்புகார்க் கமிட்டி இருக்க வேண்டும். இருக்கிறதா? யார் அதில்? பலகையில் பெயர் எழுதியிருக்கிறதா? நாளைக் காலை ஷிப்டிலேயே கேளுங்கள்.

நான்கு: வழக்குக்குப் போகும் குடும்பத்தின் கூலி நஷ்டத்தையும் பஸ் செலவையும் அக்கம்பக்கத்தார் பகிர்ந்துகொள்ள வேண்டும். சாட்சியைத் தனியே விட்டால் சாட்சி உடையும். இது வாச்சாத்தி கற்றுத்தந்த பாடம்.

படம் நல்ல படமா, கெட்ட படமா? காந்தல் வாசகர்கள் சொன்ன தீர்ப்பு: கண்ணீர் வரவழைக்கிறது, கோபமும் வரவழைக்கிறது, ஆனால் கோபத்தோடு எங்கே போவதென்று சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியது சினிமாக்காரர்கள் அல்ல, நாம்தான்.

அந்தச் சகோதரி கிளம்பும்போது சொன்னார்: “இனிமே யாராவது வந்தா எழுதிக் குடுங்கண்ணா.”

எழுதிக் கொடுப்போம். காகிதமும் பேனாவும் தயார்.