ஊசியும் நெஞ்சு வலியும்



சென்ற மாதம் ஜும்ஆ முடிந்து கட்டுகஸ்தோட்டையில் பஸ்ஸுக்கு நின்றபோது, என் பழைய மாணவன் ஒருவனின் உம்மா வழிமறித்தார். "ஹஸ்ரத், மகன் மூன்று நாளாக நெஞ்சு இறுகுது என்கிறான். அந்தக் கொரோனா ஊசியால் வந்தது, அதற்கு மருந்தே இல்லை என்று பக்கத்து வீட்டில் சொல்றாங்க. அதுதான் டொக்டரிடம் போகவில்லை" என்றார்.

அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

அந்தப் பேச்சில் ஒரு துளி உண்மை இருக்கிறது. அதை மறைப்பது நேர்மையல்ல. பைசர், மொடர்னா ஊசிகளுக்குப் பின் மிகச் சிலருக்கு இருதயத் தசையில் அழற்சி ஏற்பட்டது. அநேகமாக வாலிப ஆண்களுக்கு, இரண்டாவது ஊசி போட்டு ஒரு வாரத்துக்குள். 2022 ஜனவரியில் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், பைசரின் இரண்டாவது ஊசி போட்ட 16, 17 வயது ஆண் பிள்ளைகளில் பத்து இலட்சத்துக்கு ஏறத்தாழ 106 பேர் என்று கணக்கிட்டார்கள். அதாவது பத்தாயிரத்தில் ஒருவர். பெரும்பாலானோர் ஓய்விலும் சிகிச்சையிலும் தேறினார்கள். மொடர்னாவில் இது சற்று அதிகம் என்பதால், 2021 ஒக்டோபரில் சுவீடன் இளவயதினருக்கு அதை நிறுத்தி வைத்தது.

மொடர்னா நமக்குப் புதிதல்ல. 2021 ஜூலையில் அமெரிக்கா நன்கொடையாக அனுப்பிய 15 இலட்சம் ஊசிகள் நமது கண்டி மாவட்டத்துக்குத்தான் முக்கியமாக ஒதுக்கப்பட்டன. வரிசையில் நின்றது பலருக்கு நினைவிருக்கும்.

ஆனால் நாட்களைக் கணக்குப் பாருங்கள். ஊசியால் வந்தவர்களுக்கு அது சில நாட்களிலேயே வந்துவிட்டது. அன்று போட்ட ஊசியை இன்றைய வலிக்குக் காரணம் சொல்லி வீட்டில் இருப்பதுதான் ஆபத்து. இதே அழற்சியைக் கொவிட் நோய் உண்டாக்கும், மொத்தத்தில் பார்த்தால் ஊசியைவிட அதிகமாகவே. டெங்கும் உண்டாக்கும், சாதாரண வைரஸ் காய்ச்சலும் உண்டாக்கும்.

"மகனுக்கு அண்மையில் காய்ச்சல் இருந்ததா?" என்று கேட்டேன்.

"இரண்டு கிழமைக்கு முன், ஹஸ்ரத்."

"அப்படியானால் இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல், படபடப்பு, மயக்கம் இவற்றுக்கு வயது பார்க்கக் கூடாது" என்றேன்.

அன்று மாலையே போனார்கள். ஈசீஜீ எடுத்து, இரத்தமும் பரிசோதித்தார்கள். இருதயத் தசையில் அழற்சிதான். காய்ச்சலின் மிச்சம் என்றார் வைத்தியர். ஒரு கிழமை வார்டில் வைத்திருந்து அனுப்பினார்கள். ஆறு மாதத்துக்கு ஓட்டமும் விளையாட்டும் கூடாதாம்.

கிரிக்கெட் மட்டையை உம்மா அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். சாவியை வாங்கித் தரும்படி மகன் எனக்கு ஆள் அனுப்பியிருக்கிறான்.