கூடைப்பந்திலிருந்து காற்பந்துக்கு: எரின் பிலிப்ஸ் உண்மையிலேயே தாவினாரா?

2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஆஸ்திரேலியக் காற்பந்தின் ‘ஹால் ஆஃப் ஃபேம்’ எனப்படும் சாதனையாளர் வரிசையில் எரின் பிலிப்ஸின் பெயர் சேர்க்கப்பட்டது. ‘ஏஎஃப்எல்டபிள்யூ’ என்ற தேசிய மகளிர் லீக்கில் ஆடியவர்களில் இந்தச் சிறப்பைப் பெற்ற முதல் வீராங்கனை அவர்தான். அவரை அறிமுகப்படுத்துவோர் பெரும்பாலும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்: அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்திலிருந்து, முப்பது வயதைக் கடந்த பிறகு, புதியதொரு விளையாட்டுக்குத் தாவி வென்றவர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘புதியதொரு’ என்ற சொல்லில்தான் சிக்கல்.

முதலில் அந்த விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம். நாம் காற்பந்து என்று சொல்வது அங்கே ‘சாக்கர்’. ஆஸ்திரேலியர்கள் ‘ஃபுட்டி’ என்று அழைப்பது வேறு ஆட்டம். திடலும் நீள்வட்டம், பந்தும் நீள்வட்டம். பந்தைக் காலால் உதைக்கலாம். அல்லது ஒரு கையில் ஏந்தி மறு கை முட்டியால் குத்தி அனுப்பலாம். எறியக் கூடாது. பந்தைப் பிடித்தபடி ஓடலாம், ஆனால் 15 மீட்டருக்கு ஒருமுறை அதைத் தரையில் தட்ட வேண்டும். நடுவில் உள்ள இரு உயரமான கம்பங்களுக்கு இடையே உதைத்தால் ஆறு புள்ளி. ஓரத்துக் கம்பங்களுக்குள் போனால் ஒரு புள்ளி. எதிரணியினர் ஆளைக் கட்டிப்பிடித்து வீழ்த்தவும் செய்வார்கள். மெல்பர்னிலும் அடிலெய்டிலும் வளரும் பிள்ளைகளுக்கு இது கிட்டத்தட்ட தாய்மொழி மாதிரி.

எரினுக்கும் அப்படித்தான். அவருடைய தந்தை கிரெக் பிலிப்ஸ், போர்ட் அடிலெய்டு அணிக்காக எட்டு முறை தென் ஆஸ்திரேலிய லீக் பட்டம் வென்றவர். மகள் பையன்களோடு சேர்ந்து ஃபுட்டி ஆடினார், நன்றாகவே ஆடினார். 13 வயதில் அது நின்றது. அதற்கு மேல் பையன்களின் அணியில் இடமில்லை. பெண்கள் உள்ளூர் மன்றங்களில் ஆடிக்கொண்டிருந்தார்கள் என்பது உண்மைதான். விக்டோரியாவில் 1981லிருந்தே மகளிர் லீக் இருந்தது. ஆனால் அது சொந்தச் செலவில், வேலை முடிந்த பின் ஆடும் ஆட்டம். ஒரு சிறுமி தன் எதிர்காலமாக நினைத்துப் பார்க்கக்கூடிய தேசிய லீக் எதுவும் இல்லை. 13 என்பது சிங்கப்பூரில் உயர்நிலை ஒன்றில் சேர்ந்து இணைப்பாட நடவடிக்கையைத் தேர்ந்தெடுக்கும் வயது. எதில் சேரலாம் என்று யோசிக்கும் அந்த வயதில், தனக்கு மிக நன்றாகத் தெரிந்த ஒன்று பட்டியலிலேயே இல்லை என்றால் எப்படி இருக்கும்?

அவர் கூடைப்பந்தைத் தேர்ந்தெடுத்தார். அது இரண்டாவது விருப்பம் என்றாலும் அதில் அவர் அடைந்தது சாதாரணமானதல்ல. அடிலெய்டு லைட்னிங் அணியில் தொடங்கி, 2005ல் அமெரிக்காவின் டபிள்யூஎன்பிஏ தேர்வில் கனெக்டிகட் சன் அணியால் எடுக்கப்பட்டார். 2006ல் உலக வெற்றியாளர் போட்டியில் தங்கம் வென்ற ஆஸ்திரேலிய அணியிலும், 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அணியிலும் இருந்தார். 2012ல் இண்டியானா ஃபீவர், 2014ல் ஃபீனிக்ஸ் மெர்க்குரி என இரு வேறு அணிகளுடன் அமெரிக்கப் பட்டம் வென்றார். பருவம் முடிந்ததும் ஓய்வு என்பதெல்லாம் பெண்கள் கூடைப்பந்தில் அரிது. சம்பளம் போதாமல் பலரும் ஐரோப்பாவுக்குப் பறப்பார்கள். அவரும் போலந்தில் ஆடினார்.

இதற்கிடையே அடிலெய்டில் நிலைமை மாறத் தொடங்கியது. 2013லிருந்து நடத்தப்பட்ட மகளிர் காட்சி ஆட்டங்களுக்கு வரவேற்பு இருந்ததால், 2020க்கு என்று பேசப்பட்ட தேசிய லீக் 2017க்கே முன்கொண்டுவரப்பட்டது. மொத்தம் எட்டு அணிகள், ஏழு சுற்றுகள், பிறகு ஒரே இறுதி ஆட்டம். 2017 பிப்ரவரி 3ஆம் தேதி மெல்பர்னில் நடந்த முதல் ஆட்டத்துக்கு 24,568 பேர் வந்தார்கள். இடமில்லாமல் வாசற்கதவைச் சாத்த வேண்டியதாயிற்று. சம்பளமோ, பெரும்பாலான வீராங்கனைகளுக்கு அந்தப் பருவம் முழுவதற்கும் 8,500 ஆஸ்திரேலிய டாலர். தொழிலாகக் கொள்ளக்கூடிய தொகை அல்ல. ஆனால் ஆட்டங்கள் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் முடிந்துவிடும். அமெரிக்கக் கூடைப்பந்துப் பருவம் மே மாதத்தில்தான் தொடங்கும். இந்த நாள்காட்டி இடைவெளி இல்லையென்றால் எரின் வந்திருக்க முடியுமா என்பது சந்தேகமே.

31 வயதில் அடிலெய்டு குரோஸ் அணியின் இணைத் தலைவராகக் களமிறங்கினார். முதல் பருவத்திலேயே அணி பட்டம் வென்றது. பிரிஸ்பனுக்கு எதிரான இறுதி ஆட்டம் 35-29 என்று முடிய, சிறந்த ஆட்டக்காரர் எரின். லீக்கின் சிறந்த வீராங்கனை விருதும் அவருக்கே.

எப்படி முடிந்தது? கூடைப்பந்து அவருக்குக் கொடுத்தது நிறைய. நெருக்கடியில் உடலை எதிராளிக்கும் பந்துக்கும் இடையில் வைத்துக்கொள்வது, பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்க்காமலே உணர்வது, இரண்டு காலடியில் திசை மாறுவது, மேலே எழும்பிப் பந்தைப் பறிப்பது ஆகியவை அப்படியே பயன்பட்டன. பத்தாண்டுக்கும் மேலான முழுநேரப் பயிற்சி தந்த உடல்வலிமையும் பெரிய சாதகம். சக வீராங்கனைகளில் பலர் பகலில் வேலைக்குப் போய்விட்டு மாலையில் பயிற்சிக்கு வந்தவர்கள். ஆனால் நீள்வட்டப் பந்தை ஓடிக்கொண்டே துல்லியமாக உதைப்பதை எந்தக் கூடைப்பந்துத் திடலும் கற்றுத்தராது. வேறு விளையாட்டிலிருந்து வரும் பெரியவர்கள் திணறுவது பெரும்பாலும் இதில்தான். எரினுக்கு அது 13 வயதுக்கு முன்பே காலில் ஏறியிருந்தது. அதனால்தான் சொல்கிறேன், அவர் தாவவில்லை. 18 ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தார்.

2019 மார்ச் 31ஆம் தேதி அடிலெய்டு ஓவலில் நடந்த இறுதி ஆட்டத்துக்கு 53,034 பேர் வந்தார்கள். நுழைவு இலவசம்தான், அதைச் சொல்லிக் குறைத்துப் பேசியவர்களும் உண்டு. இலவசம் என்பதற்காக மட்டும் 53,000 பேர் வீட்டைவிட்டுக் கிளம்பிவிட மாட்டார்கள் என்பது என் கருத்து. கார்ல்டன் அணியை 63-18 என வென்ற அந்த ஆட்டத்தின் மூன்றாம் கால் பகுதியில் எரினின் இடது முழங்கால் தசைநார் அறுந்தது. தூக்கிச் செல்லப்பட்டபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. பாதியில் வெளியேறியும் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். மீண்டு வந்து 2022ல் மூன்றாவது பட்டமும் வென்றார். அதன் பிறகு தந்தையின் மன்றமான போர்ட் அடிலெய்டு தொடங்கிய மகளிர் அணிக்கு முதல் தலைவரானார். 2023ல் ஓய்வு பெற்றார்.

இந்த வெற்றிக் கதையில் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. புதிய லீக் தொடக்கத்தில் தன் நட்சத்திரங்களில் சிலரைத் தானே வளர்க்கவில்லை. மற்ற விளையாட்டுகளிடமிருந்து இரவல் வாங்கியது. எரினைப் பயிற்றுவித்த செலவு கூடைப்பந்தினுடையது. பிறகு வந்த ஷார்னி லேட்டனும் ஆஷ்லி பிரேசிலும் நாம் பள்ளியில் ஆடும் வலைப்பந்தில் ஆஸ்திரேலியாவுக்கே ஆடியவர்கள். எரினுக்கு இன்னொரு விளையாட்டில் உச்சம் தொடும் திறமை இருந்தது, அதனால் கதவு திறக்கும்வரை தயாராக இருந்தார். அதே வயதில் ஃபுட்டியை நிறுத்தச் சொல்லப்பட்ட மற்ற சிறுமிகளில் எத்தனை பேருக்கு அப்படி ஒரு மாற்று இருந்திருக்கும்? ‘திறமை இருந்தால் எந்த வயதிலும் வரலாம்’ என்று எரினைக் காட்டிச் சொல்வது, வர முடியாமல் போனவர்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறது.

இப்போது நிலைமை வேறு. லீக்கில் 18 அணிகள். 2023ல் எட்டப்பட்ட ஒப்பந்தத்தின்படி வீராங்கனையின் சராசரி ஊதியம் அந்த ஆண்டு ஏறத்தாழ 60,000 ஆஸ்திரேலிய டாலராக உயர்ந்தது. 2027ல் அது 82,000ஐ எட்ட வேண்டும். சிறுமிகள் தங்கள் வயதுப் பெண்களுடனேயே ஆடிப் படிப்படியாக மேலே வர முடிகிறது. கூடவே இன்னொரு மாற்றமும் நடந்தது: 2022ன் பிற்பகுதியிலிருந்து பருவம் ஆகஸ்ட் மாதத்துக்குப் போய்விட்டது. அமெரிக்கக் கூடைப்பந்து அப்போது விறுவிறுப்பான கட்டத்தில் இருக்கும். ஆண்டின் ஒரு பாதி அங்கே, மறுபாதி இங்கே என்று இனி யாரும் கணக்குப் போட முடியாது. 13 வயதில் இரண்டிலும் கெட்டிக்காரியாக இருக்கும் ஒரு சிறுமி ஒன்றை விட்டாக வேண்டும். இம்முறை எதை விடுவது என்பதை அவளே முடிவு செய்யலாம்.