கத்திரி வெயிலில் காரைக்குச் செல்லலாமா?

பெரம்பலூர் மாவட்டத்தின் காரை, கொளக்காநத்தம் பகுதிகளில் மழைநீர் அரித்தெடுத்த செம்மண் பள்ளங்கள் ஒரு சிறிய பாலைவனப் பள்ளத்தாக்கைப் போலவே விரிந்து கிடக்கின்றன. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியாக இருந்த நிலம் அது. தொல்லுயிர் எச்சங்களைக் காணக் கோடை விடுமுறையில் குடும்பத்தோடு செல்வோர் உண்டு. அங்குச் செல்லவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஏப்ரல், மே மாதங்களின் நண்பகலில் செல்வது தவறு என்பதே என் உறுதியான கருத்து.

காரணம் எளிது. பள்ளத்தில் நிழலில்லை, காற்றோட்டமும் குறைவு. தலைமேல் வெயில் காய, சுற்றியுள்ள மண்சுவர்களும் அனலை வீசுகின்றன. இறங்குவது சுலபம், களைத்த பிறகு, உச்சி வெயிலில்தான் ஏறித் திரும்ப வேண்டும். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பூங்கா நிர்வாகமும், கோடையில் காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை பள்ளத்தாக்கில் நடக்க வேண்டாம் என்றே அறிவுறுத்துகிறது.

இதய நோய், சிறுநீரக நோய், நீரிழிவு உள்ளோர், முதியோர், குழந்தைகள், கருவுற்றோர் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். சிறுநீரை அதிகப்படுத்தும் மாத்திரைகள், சில இரத்த அழுத்த மாத்திரைகள், சில மனநல மருந்துகள் ஆகியவை வெப்பத்தைத் தாங்கும் ஆற்றலைக் குறைக்கும். அதற்காக அவற்றைத் தாமாக நிறுத்திவிடாதீர்கள். புறப்படும் முன் மருத்துவரிடம் கேளுங்கள்.

தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு, தலைசுற்றல் ஆகியவை முதல் எச்சரிக்கைகள். பேச்சு குழறுதல், தடுமாற்றம், குழப்பம், மயக்கம் ஏற்பட்டு உடலும் கொதித்தால் அது ஹீட் ஸ்ட்ரோக். உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது மூளை, சிறுநீரகம், கல்லீரல் ஆகியவை பாதிக்கப்படும். "வியர்க்கிறதே, பயமில்லை" என்று எண்ணாதீர்கள். கடும் உழைப்பால் வரும் ஹீட் ஸ்ட்ரோக்கில் வியர்வை தொடரக்கூடும்.

இந்நிலையில் நம்மில் பலர் செய்யும் பிழை, நோயாளியை அப்படியே வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடிவருவது. முதலில் குளிர்விக்க வேண்டும். 108-ஐ அழைத்துவிட்டு, நிழலில் கிடத்தி, ஆடைகளைத் தளர்த்தி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். பாராசிட்டமால் இந்த வெப்பத்தைக் குறைக்காது. நினைவு தெளிவில்லாதவருக்கு வாய்வழியாக எதுவும் புகட்டாதீர்கள்.

நெடுநேரம் வியர்வை சிந்த நடப்பவர் வெறும் தண்ணீரை மட்டும் அளவின்றிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து, அதுவும் ஆபத்தாகும். ஓ.ஆர்.எஸ். கரைசலும், சிறிது உப்புள்ள உணவும் உடனிருக்கட்டும்.

வெயிலுக்கு அஞ்சித் திரும்புவதை நாம் கோழைத்தனமாகக் கருதுகிறோம். உடன்வந்தவர் "முடியவில்லை" என்றதும் பயணத்தை முடித்துக்கொள்வதே உண்மையான துணிவு. மருத்துவமனையில் எங்கள் பணி தொடங்குவதற்கு முந்தைய முதல் அரைமணி நேரம் உங்கள் கைகளில்தான் இருக்கிறது. காரைப் பள்ளங்கள் மார்கழியிலும் அங்கேயேதான் இருக்கும். பொறுத்துச் செல்லுங்கள்.